மக்ரூனின் கூர்முனை



தூத்துக்குடிக்குப் போய்வருகிறவர்கள் நம் பங்கு இல்லத்துக்கு வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு பொட்டலம் மக்ரூன் கூடவே வரும். கோவில்பட்டிக்காரர்களாகிய நாம் கடலைமிட்டாயை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கரிசல் காட்டுக் கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்த மிட்டாய்க்கு எது ஊர் என்று யாரும் கேட்பதில்லை. மக்ரூனோ பெயரிலேயே கடல் கடந்தது. இத்தாலியச் சொல் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலம் வழியாகவும் சுற்றி வந்த பெயர் அது.

பிரான்சில் அதற்கு மூன்றே பொருள்கள்: பாதாம் மாவு, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. அங்கே நான்சி என்றொரு நகரம். புரட்சிக் காலத்தில், 1792-இல், துறவற மடங்கள் கலைக்கப்பட்டபோது ஆசீர்வாதப்பர் சபைச் சகோதரிகள் இருவர் தெருவுக்கு வந்தார்கள். மார்கரித் கையோ, மரி எலிசபெத் மொர்லோ என்பது அவர்கள் பெயர். ஒரு வீட்டில் தஞ்சம் புகுந்து, மடத்துச் சமையலறையில் செய்து பழகிய மக்ரூனைச் செய்து விற்றுப் பிழைத்தார்கள். ஊரார் அவர்களை 'மக்ரூன் சகோதரிகள்' என்றே அழைத்தார்கள். 1952-இல் அந்நகரம் ஒரு தெருவுக்கே அந்தப் பெயரைச் சூட்டியது.

நம் கடற்கரைக்கு இது எப்படி வந்தது? போர்த்துக்கீசியர் கொடுத்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த கதையோடு சேர்த்துச் சொல்லவும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்கு அதில் தயக்கம் உண்டு. போர்த்துக்கல் நாட்டு மடங்களின் இனிப்புகள் பெரும்பாலும் மஞ்சள் கருவில் செய்யப்படுபவை. வெள்ளைக்கருவைத் துணிக்குக் கஞ்சி போடப் பயன்படுத்தினார்கள் என்பார்கள். அதோடு 1658-லேயே தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. பேக்கரிகள் பெருகிய பிற்காலத்தில் பிறந்த பண்டம் இது என்றே நமக்குத் தோன்றுகிறது.

போர்த்துக்கீசியர் ஐயமறத் தந்தது முந்திரியை. பிரேசிலிலிருந்து அவர்கள் கொண்டுவந்த மரம் அது. மலையாளத்தில் 'பறங்கியண்டி' என்ற பெயரே சாட்சி; நம் பக்கத்தில் பறங்கியை விட்டுவிட்டு அண்டிப்பருப்பை மட்டும் வைத்துக்கொண்டோம். பாதாம் கிடைக்காத ஊரில் பேக்கரிக்காரர் அந்த இடத்தில் முந்திரியைப் போட்டார். அங்கேதான் அது நம்முடையதாயிற்று.

உருவமும் மாறியது. நான்சி மக்ரூன் தட்டையானது, மேலே வெடிப்பு விட்டிருக்கும். பாரிஸ்காரர்கள் இருபதாம் நூற்றாண்டில் இரண்டு வில்லைகளுக்கு நடுவே கிரீம் தடவி ஒட்டினார்கள். நம்முடையதோ சங்குபோலக் கூர்முனை கொண்டது. வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை நிற்கும்வரை அடிக்க வேண்டும். முந்திரித் தூளை மெதுவாகக் கலக்க வேண்டும். அழுத்திக் கலந்தால் பருப்பின் எண்ணெய் நுரையை அமர்த்திவிடும். பிறகு காகிதக் கூம்பில் இட்டுப் பிழிந்து, கையைச் சட்டென்று மேலே தூக்க வேண்டும். தூக்கிய கை விட்டுச்சென்ற தடம்தான் அந்த முனை. மிதமான சூட்டில் நெடுநேரம் உலர்ந்தால்தான் வாயில் போட்டதும் கரையும். கடற்கரை ஈரத்தில் பொட்டலத்தைத் திறந்துவைத்தால் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும். நம் கரிசல் காற்றில் சற்று அதிகம் தாங்குகிறது, அந்த மட்டில் நமக்கு ஒரு பெருமை.

எந்திரம் வருமுன் அந்த நுரையைக் கையால் அடித்தவர்கள் யார்? நான்சியில் இரண்டு பேரின் பெயர் தெருப்பலகையில் நிற்கிறது. நம் பொட்டலத்தின்மேல் கடையின் பெயர் மட்டும் இருக்கிறது. நம் பங்கில் இளமையில் பேக்கரி வேலைக்குப் போன பெரியவர்கள் இருப்பீர்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வாருங்கள். யாரிடம் வேலை கற்றீர்கள், அவர் யாரிடம் கற்றார் என்று சொல்லுங்கள். எழுதிவைத்து இந்த மடலிலேயே வெளியிடுவோம்.