ஐந்து இடப் பெரும்பான்மை

ஒரு கட்சிக்கு ஆதரவாளர் பலர் இருப்பது ஒன்று. அவர்கள் வாக்குச் சாவடிக்கு வந்து சேர்வது மற்றொன்று. 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் நடைபெற்ற பிரிட்டிஷ் பொதுத் தேர்தல் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

1945இல் 393 இடங்களைக் கைப்பற்றிப் பதவியேற்ற அட்லியின் தொழிற்கட்சி, நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1948இல் இலவச மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும், போர் முடிந்தும் நீங்காத பங்கீட்டு முறை மக்களுக்குச் சலிப்பூட்டிற்று. அச்சலிப்பையே சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சி தன் பிரசாரத்திற்குக் கருவியாக்கிக்கொண்டது. சர்ச்சில் எடின்பரோ நகரில், வல்லரசுத் தலைவர்கள் நேரில் கூடிப் பேச வேண்டுமென முழங்கினார். அட்லியோ, மனைவி கார் ஓட்ட, ஊர் ஊராகச் சென்று அமைதியாகப் பேசினார்.

மேடைப் பேச்சினும் முக்கியமானது வீட்டு வாயிலில் நடைபெற்ற பணியாகும். தொண்டர்கள் வாக்காளர் பட்டியலுடன் வீடுதோறும் சென்று, ஆதரிப்பவர் யார், எதிர்ப்பவர் யார், ஐயத்திற்குரியவர் யார் எனக் குறித்துக்கொண்டனர். வாக்களிப்பு நாளன்று, வராத ஆதரவாளரின் வீட்டிற்கு மீண்டும் ஆள் அனுப்பப்பட்டது. ஆனால், அதுவோ குளிர்காலம். பெட்ரோலும் பங்கீட்டில் இருந்தது. வாக்காளரை ஏற்றிச் செல்லும் கார்களின் எண்ணிக்கைக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு விதித்திருந்தது. எத்தனை பேர் வருவர் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அதே சட்டம் நோயாளர் முதலியோருக்குத் தபால் மூலம் வாக்களிக்கும் உரிமையை அளித்திருந்தது. அவ்வாக்குகளைத் திரட்டுவதில் கன்சர்வேட்டிவ் கட்சியினரே முந்திக்கொண்டனர்.

மக்கள் திரண்டு வந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 84 பேர் வாக்களித்தனர். ஆண், பெண் இருபாலாரும் சமமான வாக்குரிமை பெற்ற பின் அந்நாடு கண்ட மிக உயர்ந்த அளவு அதுவே. 625 இடங்களில் தொழிற்கட்சிக்கு 315 கிடைத்தன. பெரும்பான்மை ஐந்தே இடங்கள். உறுப்பினர் சிலர் நோயுற்றாலும் ஆட்சி ஆட்டங்காணும் நிலை.

இருபது மாதங்களில் மறுதேர்தல் வந்தது. 1951 அக்டோபரில் தொழிற்கட்சி, கன்சர்வேட்டிவ் தரப்பைவிட இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளை அதிகமாகப் பெற்றும், 295 இடங்களே பெற்றுத் தோற்றது. எதிர்த்தரப்போ 321 இடங்களைப் பெற்றது. முன்னரே வெற்றி உறுதியான தொகுதிகளில் தொழிற்கட்சியின் வாக்குகள் குவிந்ததே இதற்கு முதன்மைக் காரணம். எத்தனை பேர் வந்தனர் என்பதோடு, எத்தொகுதியில் வந்தனர் என்பதும் முடிவை வகுத்தது.

2001ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்நாட்டில் நூற்றுக்கு 59 பேரே வாக்களித்தனர். சில நூறு வாக்குகளில் தொகுதியும், சில தொகுதிகளில் ஆட்சியும் கைமாறக்கூடும் என்பதை 1950ஆம் ஆண்டு காட்டியிருக்க, வீட்டில் தங்கிவிட்டவர் தம் பங்கைப் பிறர் கையில் ஒப்படைத்தவரே ஆவர்.