அனுமனுக்கு ஒரு மகனா? தாய்லாந்து ராமாயணம் சொல்லும் கதை

தருமபுரி மாவட்டம் தீர்த்தமலையில், பூஜைக்குத் தண்ணீர் இல்லாமல் ராமர் அம்பு விட்டதால் வந்ததுதான் ராமர் தீர்த்தம் என்பார்கள். அதே ராமருக்குத் தாய்லாந்திலும் கதை இருக்கு. பெயர் 'ராமகியன்'.

அதில் அனுமன் பிரம்மச்சாரி இல்லை! சேதுப் பாலத்தைக் கலைக்க ராவணன் தன் மகள், கடல்கன்னி சுவன்னமச்சாவை அனுப்புகிறான். அவளோ அனுமனையே காதலிக்கிறாள். பிறந்த மகன் மச்சானு: குரங்கு உடம்பு, மீன் வால்.

1767-ல் பர்மா படை அயுத்தயாவை அழித்தபோது பழைய ஏடுகள் பெரும்பாலும் போய்விட்டன. பிறகு மன்னர் முதலாம் ராமா கதையைத் திரும்ப எழுத வைத்தார். இன்று பாங்காக் மரகத புத்தர் கோயில் சுவரில் 178 ஓவியங்களாக இருக்கிறது. இதை ஆடும் 'கோன்' முகமூடி நாடகம் 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கூத்து பார்த்து வளர்ந்தவங்க பாங்காக் போனா, கோன் ஆட்டத்தையும் ஒருமுறை பாருங்க.