கூத்துக் களரியும் பல்கலைக்கழகமும்: ஈழத்து நாடகக் கல்வி வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் போற்றுவது நெடுநாளைய வழக்கு. எனினும், இம்மூன்றனுள் பல்கலைக்கழக வகுப்பறையில் முதலிடம் பெற்றது இயலே ஆகும். நாடகம், நூல் வடிவிற் கிடைத்த அளவிற்கு மட்டும் இயலின் ஒரு கிளையாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. ஆடுவோரும் காண்போரும் ஓரிடத்துக் கூடும்பொழுது நிகழ்வதே நாடகம் என்பதனை எவரும் மறுத்திலர். ஆயினும் அந்நிகழ்ச்சியையே ஆராய்ச்சிக்குரிய சான்றாகக் கொள்ளும் நெறி நம் பல்கலைக்கழகங்களிற் காலந்தாழ்த்தே தோன்றிற்று. அந்நெறி ஈழநாட்டில் எவ்வாறு தோன்றிற்று, அதனால் விளைந்த ஆக்கம் யாது, இழப்பு யாது என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனுவல்வழி நாடகக் கல்வி

சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடக நூல்கள் இறந்துபட்டமையைக் குறிப்பிடுகின்றார். உ. வே. சாமிநாதையர் 1892-இல் அவ்வுரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த பின்னர், இக்குறிப்பு கற்றோர் பலர்க்கும் தெரிந்த செய்தியாயிற்று. நாடக இலக்கணம் மறைந்தது என்னும் வருத்தம் நாளடைவில், நாடகமே மறைந்தது என்னும் முடிபாக மாறியது. நூல் இன்மை வேறு. கலை இன்மை வேறு. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளப்பட்ட அதே காலத்தில், தமிழகத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்தும், ஈழத்துச் சிற்றூர்களில் நாட்டுக்கூத்தும் விடியவிடிய ஆடப்பெற்று வந்தன என்பது கருதத்தக்கது.

இழந்ததை ஈடுசெய்ய முனைந்த அறிஞர்களும் பனுவல் வழியிலேயே சென்றனர். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம் படித்தற்கென எழுந்த நாடகம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ்த் தலைமை பெற்ற வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலை இயற்றினார். வடமொழி, ஆங்கில நாடக மரபுகளை ஒருங்கு நோக்கித் தமிழுக்கு இலக்கணம் வகுத்த அம்முயற்சி போற்றற்குரியதே. ஆயினும் அவ்விலக்கணத்தின் மூலங்கள் ஏடுகளே. களரியில் ஆடப்பெற்ற கூத்து அதற்கு இலக்கியமாக அமையவில்லை.

இந்நிலைக்கு விபுலானந்த அடிகளின் மதங்கசூளாமணி தக்க எடுத்துக்காட்டாகும். 1926-இல் வெளிவந்த அந்நூல், செகசிற்பியார் எனத் தாம் பெயரிட்டழைத்த ஆங்கில நாடகாசிரியரின் நாடகங்களையும், தனஞ்சயனாரின் தசரூபக இலக்கணத்தையும் தமிழ் மாணவர்க்கு அறிமுகம் செய்தது. அடிகளோ மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவிற் பிறந்தவர். வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்கும் அப்பகுதியே நிலைக்களம். பின்னர் 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவரே. பிறந்த மண்ணின் கூத்தை அன்றி, தசரூபகத்தையும் ஆங்கில நாடகத்தையும் அடிகள் தம் நூற்கு அடிப்படையாகக் கொண்டமை அவர்தம் குறை அன்று. அக்காலக் கல்வி எதனைச் சான்றாக ஏற்றது என்பதற்கு அது சான்று.

அடிகளுக்குப்பின் அப்பதவியை ஏற்ற க. கணபதிப்பிள்ளை, இவ்வரம்பினை ஒரு புறத்தே தளர்த்தினார். கல்வெட்டு மொழியை ஆராய்ந்து இலண்டனிற் பட்டம் பெற்ற அவர், யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலேயே நாடகங்கள் எழுதினார். 1940-இல் நானாடகமும், 1952-இல் இரு நாடகமும் நூல்களாக வெளிவந்தன. அறிஞர் ஒருவர் மக்கள் மொழியை மேடைக்குரியதாக மதித்தமை பெருமாற்றமே. எனினும் மாறியது மொழி. ஆட்ட முறைமை அன்று.

மேனாட்டில் இத்துறையின் தோற்றம்

இவ்விடத்து மேனாட்டுப் பல்கலைக்கழகங்களின் நிலையை ஒப்புநோக்குதல் பயன்தரும். அங்கும் நாடகம் முதலில் இலக்கியத் துறையின் பகுதியாகவே இருந்தது. செருமானிய அறிஞர் மாக்சு எர்மன், நாடக நூல் வேறு, அரங்க நிகழ்ச்சி வேறு எனப் பிரித்துணர்த்தினார். 1914-இல் வெளிவந்த தம் ஆராய்ச்சி நூலில், 16-ஆம் நூற்றாண்டில் நூரன்பர்க்கு நகரத்துத் தேவாலயம் ஒன்றில் அமைந்த மேடையின் அமைப்பையும் நடிகர் இயங்கிய முறையையும் மீட்டுக்காண முயன்றார். 1923-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் அரங்கியல் நிறுவனம் தோன்றுதற்கும் அவரே முதன்மையான காரணர். யூதர் என்பதனால் நாசி ஆட்சியில் அவர் பதவியை இழந்து, 1942-இல் தெரேசியன்சுதாத்து முகாமில் இறந்தார். அவர் வகுத்த துறை நிலைபெற்றது.

எர்மன் ஆராய்ந்தது மறைந்துபோன மேடை. நம் நாட்டிலோ மேடை மறையவில்லை, அண்ணாவியார் உயிரோடிருந்தார். ஆகவே இங்கு வேண்டப்பட்டது இடிபாடுகளிலிருந்து மீட்டலன்று; வாழ்வோரிடம் சென்று கற்றலே ஆகும். இவ்வேறுபாடு ஈழத்து நாடகக் கல்வியைத் தனிநெறியிற் செலுத்தியது.

பேராதனையில் நிகழ்ந்த திருப்பம்

1952-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பகுதி பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கு முதலில் இவ்வழியைத் தொடங்கியவர் சிங்கள அறிஞர் எதிரிவீர சரச்சந்திரர் ஆவார். சிங்கள நாட்டார் நாடகங்களை ஆராய்ந்து 1953-இல் நூல் வெளியிட்ட அவர், நாடகம் என வழங்கும் சிங்களக் கூத்து வகையினை அடியொற்றி மனமே என்னும் நாடகத்தை ஆக்கினார். பல்கலைக்கழக மாணவர் நடித்த அந்நாடகம் 1956 நவம்பர் 3-ஆம் நாள் கொழும்பில் அரங்கேறிப் பெரும்புகழ் எய்தியது. அச்சிங்களக் கூத்து வகையே தமிழ் நாட்டுக்கூத்தின் வழிவந்தது என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிபு. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டமியற்றப்பட்டதும் அதே 1956-ஆம் ஆண்டில்தான். தம் மரபின் வழிவந்த கலை அயன்மொழியிற் சிறப்புற்று, தம் மொழியில் ஊரளவிலேயே நின்றமை, தமிழறிஞரைச் சிந்திக்கச் செய்தது இயல்பே.

அச்சிந்தனையைச் செயலாக்கியவர் சு. வித்தியானந்தன். இலங்கைக் கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்து, ஊர்தோறும் ஆடப்பெற்ற கூத்துகளை அவர் கண்டறிந்தார், அண்ணாவிமாரைச் சந்தித்தார், ஏட்டுப் பிரதிகளைத் திரட்டி, அலங்காரரூபன் நாடகம் (1962), மூவிராசாக்கள் நாடகம் (1966), ஞானசவுந்தரி நாடகம் (1967) முதலியவற்றைப் பதிப்பித்தார். பதிப்புப்பணி பழைய நெறியின் தொடர்ச்சியே. புதிய நெறி, 1962-இல் பேராதனை மாணவரைக் கொண்டு அவர் கர்ணன் போர் என்னும் வடமோடிக் கூத்தை மேடையேற்றியபொழுது தோன்றிற்று. அதனைத் தொடர்ந்து நொண்டி நாடகமும் (1963), 1960-களின் நடுப்பகுதியில் இராவணேசனும், 1968-இல் வாலிவதையும் மேடையேறின.

மாணவர்க்கு ஆட்டம் பயிற்றியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். இச்செய்தி வரலாற்று முதன்மை உடையது. பட்டம் பெறாத கிராமத்துக் கலைஞர் ஒருவர் பட்டதாரி மாணவர்க்கு ஆசிரியராயினார். நூலில் இல்லாத அறிவு ஒன்று உண்டு, அது மத்தளத்திலும் தாளக்கட்டிலும் காலடியிலும் தங்கியுள்ளது என்பதனைப் பல்கலைக்கழகம் செயலால் ஒப்புக்கொண்ட தருணம் அது. அம்மாணவருள் ஒருவரும், இராவணேசனில் தலைமைப் பாத்திரத்தை ஏற்றவருமாகிய சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றமை இதன் பயனாகும். ஆடியவரே ஆராய்ச்சியாளராதல் புதுமரபு ஒன்றன் தொடக்கம் எனலாம்.

ஆக்கமும் இழப்பும்

இனி, இம்மாற்றத்தில் கூத்து எய்திய வேறுபாடுகளை நோக்குவோம். ஊரிற் கூத்து ஆடப்பெறும் இடம் வட்டக்களரி. காண்போர் நாற்புறமும் சூழ்ந்திருப்பர். ஆட்டக்காரர் எல்லாத் திசையினரையும் நோக்கிச் சுழன்று ஆடுவர். பல்கலைக்கழக மேடையோ ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை. ஆகவே வட்டத்திற்கென அமைந்த ஆட்டக்கோலங்கள் முன்னோக்கி ஆடும் கோலங்களாயின. ஓரிரவு முழுதும் நிகழும் கூத்து, ஏறத்தாழ இரண்டு மணி நேர அளவிற் சுருங்கியது. மீண்டும் மீண்டும் வரும் பாடல்கள் குறைக்கப்பட்டன. நடிப்பும் உணர்ச்சி முரணும் முதன்மை பெற்றன.

இச்சுருக்கத்தால் நகரத்தார் கூத்தைக் காண முன்வந்தனர். கற்றோர் இழிவாகக் கருதிய கலை மதிப்புப் பெற்றது. சாதிப்பிரிவினையும் ஊரெல்லையையும் கடந்து ஆடுவோர் ஒன்றுசேர்ந்தனர். இவை யாவும் மறுக்கலாகாத ஆக்கங்கள்.

இழப்பும் உண்டு. ஊர்க் கூத்து என்பது அரங்கேற்ற நாளின் நிகழ்ச்சி மட்டும் அன்று. ஆட்டக்காரரைத் தேர்ந்து சட்டங்கொடுத்தல், பல திங்கள் பழகுதல், சதங்கையணிதல், அரங்கேற்றம், அதன்பின் வீடுதோறும் சென்று ஆடுதல் என அது தொடரும். இத்தொடர்ச்சியில் ஊர் முழுதும் பங்குகொள்ளும். பல்கலைக்கழகம் இத்தொடரின் ஒரு கண்ணியை மட்டும் எடுத்துக்கொண்டது. பாடல் மீள்வருதலும், இடையிடையே காண்போர் உறங்கி விழித்தலும், ஆட்டக்காரரைப் பெயர்சொல்லி ஊக்குதலும் கூத்தின் இயல்பிற்குப் புறம்பானவை அல்ல. இவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சியதனையே கூத்தின் சாரம் எனக் கொள்வது ஆராய்ச்சிக்கு ஏலாது.

ஆகவே பேராதனைக் கூத்தினை மரபுக் கூத்தின் பதிவாகக் கொள்ளுதல் பிழை; மரபைக் கெடுத்த செயலாகக் கொள்ளுதலும் பிழை. அது மரபினை அடிப்படையாகக் கொண்டு எழுந்த புதிய அரங்க வகை என்பதே பொருந்தும்.

பின்னை வளர்ச்சி

பேராதனையில் தோன்றிய வினாவிற்குப் பின்வந்தோர் வெவ்வேறு விடை கண்டனர். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சியார்சு தாம்சனிடம் பயின்ற கா. சிவத்தம்பி, பண்டைத் தமிழ்ச் சமுதாயத்து நாடகத்தை ஆராய்ந்து 1970-இல் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1981-இல் நூலாயிற்று. நாடகத்தைச் சமுதாய வரலாற்றோடு பிணைத்து நோக்கும் நெறியை அது வலுப்படுத்தியது. 1978-இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி நடிகர்க்கு முறையான பயிற்சி அளித்தார். அவர் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய மண் சுமந்த மேனியர் என்னும் நாடகத்தை, 1985-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஊர்தோறும் சென்று நிகழ்த்தினர். கிராமம் பல்கலைக்கழகத்திற்கு வந்தது 1962-இல். பல்கலைக்கழகம் கிராமத்திற்குச் சென்றது 1985-இல்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி. ஜெயசங்கர் முதலியோர் 2000-களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் மற்றொரு படி. கூத்தினை ஊரிலிருந்து பெயர்க்காமல், ஊராரும் அண்ணாவியாரும் ஆராய்ச்சியாளரும் ஒருங்கிருந்து, பனுவலிற் பெண்ணையும் சாதியையும் பற்றி வரும் கருத்துகளை ஆய்ந்து திருத்தி, களரியிலேயே ஆடினர். இங்கு மாற்றம் செய்யும் உரிமை ஆடுவோரிடமே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

முடிபு

மேற்கூறியவற்றால், நாடகக் கல்வியின் வரலாறு என்பது எதனைச் சான்றாக ஏற்பது, எவரை அறிஞராக மதிப்பது என்னும் இரு வினாக்களின் வரலாறே என்பது பெறப்படும். முதல் வினாவிற்கு நம் துறைகள் ஓரளவு விடை கண்டுவிட்டன. இன்று இலங்கைப் பள்ளிகளிலும் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகும். இரண்டாம் வினா இன்னும் முற்றத் தீர்ந்திலது. ஏட்டுப் பிரதியை எழுதியவர் பெயரைத் தேடி ஆராயும் மாணவர், அப்பிரதிக்கு ஆட்டம் அமைத்த அண்ணாவியாரைத் தகவல் தந்தவர் என ஒருவரியிற் கூறி அமைகின்றனர். தாளக்கட்டும் ஆட்டக்கோலமும் யாத்தவர் அவர் எனின், ஆசிரியர் என்னும் பெயர் அவர்க்கும் உரியதே.

அண்ணாவியார் ஒருவர் மறையுமிடத்து மறைவது ஒரு நூலின் படி அன்று, மூலமே ஆகும். எனவே நாடகத்தை ஆராயப் புகும் முதுகலை மாணவர், பனுவலைப் பதிப்பிப்பதோடு அமையாது, முழு இரவுக் கூத்தினைச் சுருக்காது பதிவுசெய்தலும், பழகு காலத்தில் அண்ணாவியார் ஆட்டக்காரரைத் திருத்தும் முறையைக் குறித்தலும், பதிவில் அவர் பெயரை ஆசிரியராக இடுதலும் வேண்டும். அடியார்க்குநல்லார் காலத்தில் மறைந்த நாடக நூல்களை நாம் மீட்க இயலாது. நம் காலத்தில் உள்ளவற்றைக் காத்தல் நம்மால் இயலும்.