கொழும்பு நேரமும் கணினிக் கணக்கும்

பொழுது இயற்கை தந்தது. மணிக்கணக்கோ அரசு வகுத்தது. இவ்வுண்மையைக் கொழும்பின் வரலாறு நன்கு விளக்குகின்றது. 1906 முதல், இரண்டாம் உலகப்போர்க் காலம் நீங்கலாக, இலங்கை நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டதாய் இருந்து வந்தது. மின்பற்றாக்குறை காரணமாக 1996 மே 25 இல் கடிகாரங்கள் ஒரு மணி முன்னகர்த்தப்பெற்றன. அவ்வாண்டு ஒக்டோபர் 26 இல் அரைமணி பின்னகர்த்தப்பெற்றன. 2006 ஏப்ரல் 15 இல் பழைய நேரம் மீண்டது.

இடைப்பட்ட காலத்தில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டன. ஆகவே, 2000 ஆம் ஆண்டில் வெள்ளவத்தையில் காலை ஆறு மணியாயின் கிளிநொச்சியில் ஐந்தரை மணியே. இலக்கினமொன்று ஏறத்தாழ இரண்டு மணி நேரமே நிற்பது. எனவே, கிளிநொச்சியிற் பிறந்த பிள்ளைக்குக் கொட்டாஞ்சேனையிற் சாதகம் கணிப்பவர், குறிக்கப்பட்டது எவ்விடத்து நேரமென வினவாதிருத்தல் இயலாது.

இன்று ஜாவா, பைதன் முதலாய நிரல்மொழிகள் பழைய நாள், நேரங்களை எழுதிக் காட்டுவதற்கு உலக நேரவலயத் தரவுத்தொகுதியைத் துணைக்கொள்கின்றன. அதன்கண் இலங்கை முழுமைக்கும் ‘ஆசியா/கொழும்பு’ என்னும் ஒரு பெயரே உண்டு. மேற்கூறிய மாற்றங்கள் யாவும் அதன்கீழ்ப் பதியப்பட்டுள்ளன. வன்னிக்கெனத் தனிப்பெயர் இல்லை. இதனால் அக்கால வன்னி நிகழ்வொன்றின் நேரத்தைக் கணினி பிறழவே காட்டும். மணியோடு கிரீனிச் வேறுபாட்டையும் சேர்த்தெழுதிய ஆவணமே பிற்காலத்தார்க்கு உண்மை உரைக்கும்.