நூலுக்கு இடம் வகுத்தவர்

காசியிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழராகிய நாம், அவ்வூர்களில் நமக்கு முன்னரே சென்று அருந்தொண்டாற்றிய தமிழர் ஒருவரை நினைத்தல் தகும். அவர் 1892-ஆம் ஆண்டு சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன்.

கணித ஆசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். மாணவரோடு பழகியவருக்கு அப்பதவி முதலிற் சலிப்பையே தந்தது. கல்லூரிக்கே மீள விரும்பினார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபின்னரே அவர் உள்ளம் மாறிற்று.

அமெரிக்க அறிஞர் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை அப்போது பரவியிருந்தது. அதில் அறிவுத் துறைகள் முன்கூட்டியே எண் பெற்றிருந்தன. பட்டியலில் இல்லாத புதுப்பொருள் தோன்றினால் அதற்கு இடம் ஏது? இலண்டன் கடையொன்றிற் கண்ட விளையாட்டுப் பொருள் விடை காட்டிற்று. சில உலோகத் துண்டுகளையே திருகாணியால் வெவ்வேறு வகையாகப் பூட்டிப் பற்பல பொம்மைகள் செய்தனர். அவ்வாறே பொருளையும் கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம் என அவர் தெளிந்தார். இந்தியாவில் 1950-இல் நுரையீரற் காசநோய்க்கு அளித்த சிகிச்சை பற்றிய நூல் ஒன்றைக் கொள்வோம். மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, நாடு, காலம் ஆகியவற்றின் குறிகள் கூடி அதன் எண்ணாகும். குறிகளை இணைக்கும் திருகாணியாக முதலில் அமைந்தது முக்காற்புள்ளி. ஆதலின் 1933-இல் வெளிவந்த அம்முறை ‘கோலன் பகுப்பு’ எனப் பெயர் பெற்றது.

இத்தனை நுட்பமும் யாருக்காக? நூல் பூட்டிவைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பது 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் அடிப்படை. வாசகர் எவராயினும் அவருக்குரிய நூல் கிட்டவேண்டும். அவருடைய நேரமும் வீணாகலாகாது. எளியோருக்கும் இவ்வுரிமை வாய்க்கச் சட்டம் வேண்டுமெனப் பல்லாண்டு உழைத்தார். அதன் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. நூலகங்களுக்கெனத் தனி வரியும் ஏற்பட்டது.

1945-இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். பின்னர்த் தில்லிப் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்தார். 1962-இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தை நிறுவினார். தம் சேமிப்பில் 1,00,000 ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, மனைவியார் சாரதா பெயரில் நூலகவியற் பேராசிரியர் பதவி அமையச் செய்தார். 1972-இல் பெங்களூரிலேயே மறைந்தார்.

நாம் வாழும் ஊரிலும் ஒரு நூல் நிலையம் இருக்கும். நம் குழந்தைகளைக் கைப்பிடித்து அங்கே அழைத்துச் செல்வோமாக. அப்பெரியார்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.