இரு வேர் வரலாறுகளை இணைத்தல்: திருவருட்பாப் பதிப்புகளை முன்வைத்து

இராமலிங்க அடிகளின் திருவருட்பாப் பாடல்கள் அச்சேறிய வரலாறு ஒரே கோட்டில் ஓடியதன்று. அடிகள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்தார். சென்னையில் வாழ்ந்த நாளில் பாடியவையும், 1858-க்குப் பின் கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் என இன்றைய கடலூர் மாவட்டத்து ஊர்களில் இருந்து பாடியவையும் அன்பர் பலரிடம் சிதறிக் கிடந்தன. தொழுவூர் வேலாயுத முதலியார் அவற்றை ஆறு திருமுறைகளாக வகுத்தார். முதல் நான்கு திருமுறைகள் 1867-இலும், ஐந்தாவது 1880-இலும், ஆறாவது 1885-இலும் வெளிவந்தன. பின்னர் ஆ. பாலகிருஷ்ண பிள்ளை கையெழுத்து மூலங்களைத் தேடி ஒப்பிட்டு, 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாகப் பதிப்பித்தார். 1972-இல் ஊரன் அடிகள் பாடல்களைக் கால முறைப்படி மாற்றி அடுக்கினார்.

இப்பதிப்புகள் தனித்தனியே கணினியில் தட்டச்சாகி, ஒவ்வொன்றும், கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் (Git) மென்பொருளில் தனிக் களஞ்சியமாக வளர்ந்தால், அவற்றை எவ்வாறு ஒன்றாக்குவது? ஒவ்வொரு பதிப்பின் வேரையும் கலைக்காமல் இணைப்பதே பதிப்பு நெறிக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிட் இரு கிளைகளை இணைக்கும்போது இரண்டுக்கும் பொதுவான மூதாதையை முதலில் தேடும். ஒரு வரி மூதாதையில் உள்ளபடியே ஒரு கிளையில் இருந்து, மறு கிளையில் மட்டும் மாறியிருந்தால், மாறிய வரியை யாரையும் கேளாமல் ஏற்கும். இருபுறமும் வேறுவேறாக மாறியிருந்தால்தான் மோதல் என்று நிறுத்தும். தனித்தனியே பிறந்த களஞ்சியங்களுக்குப் பொது மூதாதை இல்லை. 2016-இல் வந்த கிட் 2.9 முதல், இத்தகைய இணைப்பை மென்பொருள் தானாகச் செய்ய மறுக்கிறது. பயனர் வெளிப்படையாகக் கட்டளையிட வேண்டும். தடை இல்லை, பொறுப்பு பயனருடையது என்பதே இதன் பொருள். கிட்டின் சொந்த மூலநிரல் வரலாற்றிலேயே பல வேர்கள் உண்டு. பால் மக்கெராஸ் தனியே எழுதிய கிட்கே என்ற கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் அதன் வரலாறு குலையாமல் இணைத்துக்கொண்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். எல்லாப் பதிப்புகளுக்கும் அடிகளின் கையெழுத்தே மூதாதை. ஆகவே 1867 பதிப்பை அடித்தளமாக வைத்துப் பிள்ளையின் பதிப்பை அதன் திருத்தமாகக் கொள்ளலாமே என்பது அது. இம்முறை பார்வைக்கு எளிது; விளைவில் தவறானது. முதலியார் பாடத்தை மூதாதையாக்கிய கணமே, பிள்ளை வேறுபடும் இடமெல்லாம் பிள்ளையின் பாடமே ஓசையின்றி வென்றுவிடும். பதிப்பாசிரியர் ஒவ்வோரிடத்திலும் காரணம் காட்டி முடிவு செய்ய வேண்டிய பாடபேதத்தை, பொய்யான மூதாதை ஒன்று கணினியின் தீர்ப்பாக்கிவிடும். பிள்ளை நேரே கையெழுத்துகளை நாடியவர். அவரை முதலியாருக்குத் திருத்தம் போட்டவராகக் காட்டுவது வரலாற்றுக்கும் ஒவ்வாது.

இரண்டாவது மாற்று, வரலாற்றையே திருத்தி எழுதிக் கமிட்டுகளை, அதாவது களஞ்சியத்தில் பதிவான மாற்றங்களை, பாடல் பிறந்த கால வரிசையில் அடுக்குவது. தணிகை முருகனைப் பாடிய இளமைக்காலப் பதிகங்கள் முதலியார் பகுப்பில் ஐந்தாம் திருமுறையாகப் பிந்தி அச்சேறின. கால முறையில் அவை முந்தி வர வேண்டியவை. ஆயினும் இம்மாற்றுக்கு இரு தடைகள் உண்டு. ஒரு கமிட்டின் அடையாள எண் அதன் பெற்றோரின் எண்ணையும் உள்ளடக்கிக் கணக்கிடப்படுவதால், ஒன்றை நகர்த்தினால் அதற்குப் பின்னுள்ள அத்தனை எண்களும் மாறும். முன்பு அவற்றைச் சுட்டிய மேற்கோள்கள் பயனற்றுப் போகும். மேலும், கிட் நேரத்தை 1970 சனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாகவே குறிக்கிறது. 1867-ஐக் கமிட்டின் நாளாகப் பதியவே இயலாது. கமிட் என்பது தட்டச்சு செய்தவர், திருத்தியவர் ஆகியோரின் செயலுக்குச் சான்று. பாடல் பிறந்த நாளுக்குச் சான்றன்று.

ஆகவே பரிந்துரைக்கத்தக்க முறை இது. ஒவ்வொரு களஞ்சியத்திலும் கோப்புகளை முதலில் அப்பதிப்பின் பெயரிட்ட தனி அடைவுக்குள் நகர்த்த வேண்டும். இல்லையேல் ஒரே பெயருள்ள இரு பாடற்கோப்புகள் மோதும். பிறகு இரு பெற்றோர் கொண்ட ஓர் இணைப்புக் கமிட்டால் அவற்றைச் சேர்க்க வேண்டும். பழைய கமிட்டுகள் ஒன்றும் மாறா. எந்த வரியை யார் எப்போது இட்டார் என்பதும் தெரியும். ஆய்வுப் பாடம் மூன்றாவது அடைவில் உருவாகட்டும். அங்கே ஒவ்வொரு பாடத் தேர்வும் காரணத்தோடு தனிக் கமிட்டாக அமையட்டும். பாடம் வேறு, அடுக்கு வேறு. முதலியார் வரிசைக்கு ஒரு பட்டியற்கோப்பும் ஊரன் அடிகள் வரிசைக்கு மற்றொன்றும் வைத்தால், படிப்பவர் வேண்டிய வரிசையில் படிக்கலாம்.

இதனால் களஞ்சியம் பெரிதாகும் என்பது உண்மை. எனினும் இவை எழுத்துக் கோப்புகளே; இடம் பெரிய சிக்கலன்று. இப்பணியை ஏற்க ஒரு நிறுவனமும் வேண்டும். ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் திருவருட்பா உரையை வெளியிட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. இப்பணிக்கு அதைவிடப் பொருத்தமான இடமில்லை. பதிப்புகளைக் கணினியில் ஏற்றுவோர், ஒரே பாடத்தை விரைந்து உருவாக்கும் ஆவலில் வேர்களை வெட்டிவிடாமல், முதலில் அவற்றை அப்படியே இணைத்துவிட்டுப் பிறகு பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.