ஏணியைவிட்டு இறங்கியவர்கள்: நீரூட்டுக் கழியின் வரலாறு

1847ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நகரக் காவல் விதிகள் குறித்து ஒரு சட்டம் இயற்றியது. அதன் 28ஆம் பிரிவு, தெருவில் செய்யத்தகாத செயல்களின் நெடும்பட்டியல். பட்டம் விடுதல், பனிப்பாளத்தில் சறுக்கி விளையாடுதல், குறும்புக்காக அயலார் வீட்டு அழைப்புமணியை இழுத்தல், கம்பளம் உதறுதல் என்று நீளும் அப்பட்டியலின் நடுவே ஒரு வாசகம் நம்மை நிறுத்துகிறது. தம்மிடம் பணிபுரிபவரைச் சன்னல் விளிம்பில் ஏறி நின்று வெளிப்புறத்தைத் துடைக்கவோ வண்ணம் பூசவோ ஏவுகிறவரும், அவ்வாறு செய்ய விட்டுவிடுகிறவரும் குற்றவாளிகள். தரைமட்டத்திற்குக் கீழமைந்த நிலவறைச் சன்னலுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதைப் படித்தவுடன், மாடிச் சன்னலின் ஓரடி விளிம்பில் ஈரத்துணியோடு நின்ற பணிப்பெண்கள்பால் சட்டம் இயற்றியோர் இரங்கினர் போலும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அப்பிரிவின் தொடக்கச் சொற்களைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. குடியிருப்போருக்கும் வழிச்செல்வோருக்கும் நேரும் இடையூறு, தொல்லை, ஆபத்து என்றே அவை பேசுகின்றன. விளிம்பில் நின்றவளுக்கு நேரும் ஆபத்து அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. கண்ணாடி துடைப்பவரின் உயிரைப் பற்றிச் சட்டமும் தொழில்நுட்பமும் ஒருசேரப் பேசத் தொடங்கியது மிகப் பிற்காலத்தில்தான். அந்த இடைவெளியின் கதையையும், அதை முடித்துவைத்த ஓர் எளிய கருவியின் கதையையும் இங்கே சொல்ல முயல்கிறோம்.

கண்ணாடி மலிந்த காலம்

இங்கிலாந்தில் சன்னல் என்பது நெடுங்காலம் வரி கட்டவேண்டிய பொருளாக இருந்தது. 1696இல் வந்த சன்னல் வரி 1851 வரை நீடித்தது. வரிக்கு அஞ்சிச் செங்கல் வைத்து அடைக்கப்பட்ட சன்னல்களைப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம். கண்ணாடியின் மீதான தனி வரி 1845இல் நீங்கியது. ஆறே ஆண்டுகளில், 1851இல், இலண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டனின் வடிவமைப்பில் பளிங்கு மாளிகை எழுந்தது. அதில் பதிக்கப்பட்ட கண்ணாடிப் பலகைகள் ஏறத்தாழ மூன்று இலட்சம்.

வரி நீங்கியது, கண்ணாடி மலிந்தது, சன்னல்கள் பெருகின. அவற்றைத் துடைப்பதே ஒரு பிழைப்பாயிற்று. ஒரு வாளி, ஓர் ஏணி, பதப்படுத்திய மென்தோல் துண்டு, முரட்டு நெசவுத் துணி ஆகிய நான்கும் இருந்தால் ஒருவர் தொழில் தொடங்கிவிடலாம். முதலீடு குறைவு, நிபந்தனை ஒன்றே: ஏறுவதற்கு அஞ்சக்கூடாது.

1936: ஒரு காப்புரிமையும் ஒரு பாட்டும்

இத்தொழிலின் முதல் பெரும் மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. கண்ணாடிமேல் உள்ள நீரை ஒரே இழுப்பில் வழித்தெடுக்கும் ரப்பர்ப் பட்டைக் கருவியை 'ஸ்க்வீஜி' என்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழங்கிய 'சிக்காகோ ஸ்க்வீஜி' கனத்த எஃகினால் ஆனது. அதன் ரப்பர்ப் பட்டைகளை மாற்றப் பன்னிரண்டு திருகாணிகளைக் கழற்றவேண்டும். இத்தாலியிலிருந்து குடியேறிக் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் சன்னல் துடைத்துவந்த எட்டோரே ஸ்டெக்கோனே, பித்தளையில் இலேசான சட்டமும் ஒற்றைப் பட்டையும் கொண்ட புதிய கருவியைச் செய்து 1936இல் காப்புரிமை பெற்றார். இன்றும் உலகெங்கும் கடைக் கண்ணாடிகளின்முன் நாம் காணும் கருவியின் வடிவம் ஏறக்குறைய அதுவே.

அதே 1936இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபார்ம்பி என்னும் நகைச்சுவைப் பாடகர், சன்னல் துடைப்பவன் ஏணிமேல் நின்று வீட்டுக்குள்ளே காணும் காட்சிகளைப் பற்றிய ஒரு பாட்டைத் திரைப்படத்தில் பாடினார். பாட்டு புகழடைந்தது, பிபிசி வானொலி அதற்குத் தடை விதித்தது. ஏணிமேல் நின்றவனைச் சமூகம் கண்ட விதம் அப்பாட்டில் தெரிகிறது. அவன் எட்டிப் பார்ப்பவன், வேடிக்கையானவன். அவன் காலடியில் இருந்த படி எவ்வளவு வழுக்கும் என்பதைப் பாட்டும் சொல்லவில்லை, தடையும் சொல்லவில்லை.

ஸ்டெக்கோனேயின் கருவி வேலையை விரைவாக்கியது. ஆனால் கண்ணாடிக்கும் கைக்கும் இடையிலிருந்த தொலைவை அது மாற்றவில்லை. கை எட்டவேண்டுமென்றால் ஆள் ஏறித்தான் ஆகவேண்டும்.

துறட்டியின் தருக்கம்

மரத்தில் ஏறாமல் காயைப் பறிக்கத் துறட்டியும், முக்காலி போடாமல் கூரையைத் துடைக்க ஒட்டடைக் கம்பும் நம் வீடுகளில் உண்டு. ஆள் ஏறுவதற்குப் பதில் கருவியை நீட்டுவது என்னும் அதே எண்ணந்தான் நீரூட்டுக் கழியின் அடிப்படை. ஒன்றனுள் ஒன்று நுழையும் குழாய்கள், நுனியில் ஒரு தூரிகை, தூரிகைக்கு நீர் கொண்டுசெல்லும் மெல்லிய குழல்: இவ்வளவே அதன் உறுப்புகள். 1950களிலேயே அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துச் சீடர் ராப்பிட்ஸ் நகரைச் சேர்ந்த டக்கர் நிறுவனம் அலுமினியக் கழிகளை இவ்வகையில் செய்து விற்றது.

அப்படியானால் ஏணி ஏன் உடனே மறையவில்லை? தடை கழியில் இல்லை, நீரில் இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவிய எவர்சில்வர்ப் பாத்திரத்தைத் துடைக்காமல் வைத்தால் வெண்புள்ளிகள் படிவதை நாம் அறிவோம். குழாய்நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் நீர் ஆவியானபின் கண்ணாடியில் தங்கிவிடும். தரையில் நிற்பவரால் மூன்றாம் மாடிக் கண்ணாடியைத் துணியால் ஒற்றி எடுக்க இயலாது. ஆகவே துடைக்காமல் விட்டாலும் கறை படியாத நீர் வேண்டியிருந்தது. அத்தகைய நீர் ஆய்வகங்களில் இருந்தது, தெருவுக்கு வரவில்லை.

நீர் வந்த வழி

சன்னல் துடைப்பவர்களை மனத்தில் கொள்ளாத பல ஆய்வுகளின் வழியே அந்நீர் தெருவுக்கு வந்தது. 1748இல் பிரெஞ்சு அறிஞர் நொல்லே, பன்றியின் சிறுநீர்ப்பை வழியே நீர் ஊடுருவுவதைக் கண்டு சவ்வூடு பரவலை விவரித்தார். 1935இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இருவர், நீரிலுள்ள அயனிகளைப் பற்றிக்கொள்ளும் செயற்கைப் பிசின்களைப் பற்றி எழுதினர். சவ்வூடு பரவலைத் தலைகீழாக்கி, அழுத்தத்தால் உப்பு நீரிலிருந்து நன்னீரைப் பிரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், சிட்னி லோப் என்பவரும் ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்பவரும் அதற்கேற்ற செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வைச் செய்தனர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய இந்திய வேதியியலாளர் ஒருவரின் உழைப்பு, இன்று நம் சமையலறை ஆர்.ஓ. கருவியிலும் இலண்டன் தெருவில் நிற்கும் சன்னல் துடைப்பவரின் வண்டியிலும் ஒருசேர இயங்குகிறது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊரில் அம்முறையில் ஊர்க் குடிநீர் நிலையம் அமைந்தது. 1970களில் ஜான் கடாட் உருவாக்கிய மெல்லிய பல்லடுக்குச் சவ்வு, குறைந்த அழுத்தத்தில் மிகுதியான நீர் தந்தது. கருவி சிறியதாயிற்று, விலையும் இறங்கியது.

1990களில் பிரிட்டனில் இவை கழியோடு இணைந்தன. ஸ்விண்டனைச் சேர்ந்த ஐயானிக் சிஸ்டம்ஸ் 'ரீச் அண்ட் வாஷ்' என்னும் பெயரில் வண்டியில் பொருத்தும் அமைப்பை விற்றது. பிறரும் தொடர்ந்தனர். வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல், அதன்பின் அயனிப் பிசின் என்று மூன்று படிகளைக் கடந்த நீரில் கரைபொருள் ஏறக்குறைய சுழியம். நம்மவர் குடிநீரை அளக்கும் அதே டி.டி.எஸ். மானியால்தான் அவர்களும் அளக்கிறார்கள். பத்துக்குமேல் ஏறினால் கறை படியும் என்று கவலைப்படுவார்கள்.

இங்கே நிலவியலும் நுழைகிறது. தென்கிழக்கு இங்கிலாந்தின் நீர் சுண்ணப் பாறைகளினூடே வருவது, கடினமானது. அங்கே தொழில் செய்பவருக்குச் சவ்வுக் கருவி இன்றியமையாதது. பிசினை மட்டும் நம்பினால் அது விரைவில் தீர்ந்து கைப்பணம் கரையும். ஸ்காட்லாந்தின் பெரும்பகுதியில் நீர் மென்மையானது. அங்கே பிசின் மட்டுமே போதும். ஒரே தொழிலுக்கு ஊருக்கு ஊர் முதலீடு மாறுவதற்குக் காலடியிலுள்ள பாறையே காரணம்.

கழி இலேசான கதை

நீர்ச் சிக்கல் தீர்ந்ததும் கைவலி முன்னே வந்தது. அலுமினியக் கழி கனமானது, மின்கம்பியில் பட்டால் உயிரைக் குடிப்பது. கண்ணாடி இழைக் கழி மலிவானது, ஆனால் நீட்ட நீட்ட வளைந்தாடும். நுனித் தூரிகை கண்ணாடியில் அழுந்தவேண்டிய நேரத்தில் கழி தூண்டில்போல் துவண்டால் வேலை நடவாது.

விடை வானூர்தித் துறையிலிருந்து வந்தது. 1960களில் ஜப்பானிலும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ அரசு வானூர்தி ஆய்வகத்திலும் கரியிழை தயாரிக்கும் முறைகள் உருவாயின. வானூர்திப் பொறிகளுக்காகப் பிறந்த அப்பொருள் 1970களில் தூண்டிற்கழிக்கு வந்து, பின்னர் சன்னல் துடைப்பவரின் கையையும் அடைந்தது. இரண்டாயிரத்திற்குப் பின்னான ஆண்டுகளில் கார்டினர் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களும், ஹாம்பர்கில் 1964இல் தோன்றிய உங்கர் நிறுவனமும் கரியிழைக் கழிகளைப் பரவலாக்கின. இருபத்தைந்தடிக் கழி இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையில் கிடைத்தது. அறுபதடி உயரமும் எட்டக்கூடியதாயிற்று. கரியிழையும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்கம்பி அருகில் உள்ள ஆபத்து மட்டும் நீங்கவில்லை.

சிறு மாற்றங்களே கையாள்பவருக்குப் பெரியவை. தூரிகைக்கு ஏற்ற கோணம் தரும் வளைகழுத்து, கழியைத் திருகினாலே தூரிகையைத் திருப்பும் மூட்டு, நீரை விசிறியாகவோ கோடாகவோ பீய்ச்சும் தாரைகள், தேய்ந்தால் தனியே மாற்றத்தக்க கவ்விகள் ஆகிய எல்லாம் நாளெல்லாம் அண்ணாந்து நின்றவர்களின் கழுத்துவலியிலிருந்தும் தோள்வலியிலிருந்தும் பிறந்தவை.

சட்டம் பேசிய நாள்

உயரத்திலிருந்து விழுவது பிரிட்டனின் பணியிட மரணங்களுக்கு நெடுங்காலமாகவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 1974இல் பணியிட உடல்நலப் பாதுகாப்புக்குப் பொதுச் சட்டம் வந்தது. உயரத்தில் செய்யும் பணிகள் அனைத்திற்குமான தனி விதிகள் 2005 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றின் வரிசை தெளிவானது. இயன்றவரை உயரத்தில் ஏறாமலே வேலையை முடி. இயலாவிடில் விழாமல் காப்புச் செய். அதுவும் இயலாவிடில் விழுந்தால் நேரும் கேட்டைக் குறை. ஏணி தடைசெய்யப்பட்டது என்ற வதந்தி பரவியது, அது உண்மையன்று. குறுகிய நேர, ஆபத்துக் குறைந்த வேலைக்கு ஏணி அனுமதிக்கப்பட்டதே. ஆனால் தரையில் நின்றபடியே முடிக்க ஒரு கருவி கடையில் இருக்கையில், ஏன் ஏறினாய் என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினமாயிற்று.

1847ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இதற்கு 158 ஆண்டுகள். முன்னது வழிச்செல்வோரை எண்ணியது, பின்னது ஏறுபவரை எண்ணியது. இடையில் மாறியது அறம் மட்டுமன்று. "ஏறாதே" என்று சொல்லும் சட்டத்திற்கு, ஏறாமலே செய்யும் வழி ஒன்று இருந்தாகவேண்டும். இல்லையேல் அச்சட்டம் ஏழையின் பிழைப்பைப் பறிப்பதாகவே முடியும். கழி அந்த வழியைத் தந்தது.

ஈட்டியதும் இழந்ததும்

இலாபம் மட்டுமே நேர்ந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. வாளியும் ஏணியும் கொண்டு தொடங்கிய தொழிலுக்கு இப்போது வண்டி, தொட்டி, எக்கி, சவ்வு, பிசின், கழி என்று முதல் போடவேண்டும். 650 லிட்டர்த் தொட்டி நிறைந்தால் 650 கிலோ. அதைச் சரியாகப் பிணைக்காவிடில் திடீர்த் தடையில் ஓட்டுநரின் முதுகையே அது நசுக்கும். நன்னீர் கிடைக்கும்போது அதனோடு கழிவுநீரும் வெளியேறுகிறது. வறட்சிக் காலக் குழாய்நீர்த் தடைகளின்போது இத்தொழில் கேள்விக்குள்ளாகிறது. பாதையில் கிடக்கும் குழல் தடுக்கி வழிப்போக்கர் விழுவதும் உண்டு.

வீட்டுக்காரர்களின் ஐயம் வேறு வகையானது. கண்ணாடியை ஈரமாகவே விட்டுச் செல்பவரை அவர்களுக்கு நம்பத் தோன்றவில்லை. முதல்முறை கழுவும்போது சட்டத்தின் மேல்விளிம்பில் பல்லாண்டு தங்கிய அழுக்கு சொட்டிக் கோடு விழும். அதற்காகவே தேர்ந்தவர்கள் வீட்டின் மேல்விளிம்புகளையெல்லாம் முதலில் கழுவி, அவை வடிந்தபின் கண்ணாடிக்கு வருவார்கள். சவர்க்காரம் சேர்ப்பதில்லை. அதன் எச்சமே புதிய தூசியைப் பிடித்துவைக்கும். மணிக்கட்டின் ஒரே சுழற்சியில் கண்ணாடியை வழித்தெடுத்த பழைய கைத்திறன் போய், நீர் வடியும் போக்கைப் படிக்கும் புதிய திறன் வந்தது. பழையதை இழந்தவர்களின் வருத்தத்தை நாம் எள்ளுவதற்கில்லை.

2001இல் பில்கிங்டன் நிறுவனம் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும் கண்ணாடியை அறிமுகம் செய்தபோது, துடைப்பவரே தேவையில்லை என்று பேச்செழுந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் கழிகள் தெருவில் நீண்டுகொண்டுதான் இருக்கின்றன.

ஏணியிலிருந்து விழுந்தவர்களின் எண்ணிக்கை அரசு ஏடுகளில் உண்டு. ஏறாததனால் விழாமற்போனவர்களுக்கு ஏடு கிடையாது. அவர்கள் மாலையில் வண்டியைப் பூட்டி, வலிக்கும் தோளைத் தடவிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சவ்வைச் செய்தவரும் இழையைச் செய்தவரும் அவர்களை அறியார், அவர்களும் இவர்களை அறியார். அறியாத இவ்விரு சாராரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்ப்பதற்காகவே இதை எழுதினோம்.